ரோமாபுரியைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பொதுமக்களுக்கான வரலாற்றாளர்” என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்?

பல்கலைக்கழகத்திலோ அகழாய்வுக் களத்திலோ முறையாகப் பணியாற்றிக்கொண்டே, தாம் கண்டறிந்ததை இலத்தீன் மொழி அறியாத வாசகருக்கும் பார்வையாளருக்கும் நூலாக, தொலைக்காட்சித் தொடராக, அருங்காட்சியகக் காட்சியாகக் கொண்டுசேர்ப்பவர்களையே முதன்மையாகக் குறிப்பிடுகிறோம். வரலாற்றுத் துறையில் பதவி வகிக்காமல் ரோமைப் பற்றிப் பேசிப் புகழ்பெற்ற சிலரும் இந்தப் பக்கத்தில் வருவார்கள். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் ஒருவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதைத்தான் இங்கே அனைவருக்கும் பொதுவான அளவுகோலாகக் கொண்டிருக்கிறோம்.

ரோம வரலாற்றைப் பொது வாசகருக்கு எழுதுவது அண்மைக்கால வழக்கமா?

இல்லை. ரோமப் பேரரசின் சரிவையும் வீழ்ச்சியையும் பற்றி எட்வர்டு கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக எழுதியது, அறிஞர்களுக்கு மட்டுமல்லாமல் படித்த எல்லோருக்கும் உரிய நூலாகவே வெளிவந்தது. செருமானிய அறிஞர் தியோடோர் மாம்சன் 1850களில் எழுதிய ரோம வரலாற்றுக்கும் அத்தகைய வரவேற்பு இருந்தது. 1902ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, பரிசுக் குழு தனியே பெயர் சொல்லிப் பாராட்டியதும் அந்த நூலைத்தான். அதே மாம்சன்தான் ரோமப் பேரரசு முழுவதும் சிதறிக் கிடந்த இலத்தீன் கல்வெட்டுகளை ஒரே வரிசையில் தொகுக்கும் மாபெரும் பணியையும் ஒழுங்குபடுத்தி நடத்தினார். பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் நடையும் பொடி எழுத்தில் நிறையும் கல்வெட்டுத் தொகுதியும் ஒரே மேசையிலிருந்து வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆழமாக ஆய்பவருக்கு எளிமையாகச் சொல்ல வராது என்ற எண்ணம் பிற்காலத்தில் எழுந்ததே.

பொம்பெயி நகரத்தின் மனித உருவங்கள் உண்மையான உடல்களா?

உடல்கள் அல்ல, உடல்கள் இருந்த வெற்றிடத்தின் வார்ப்புகள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர்களைச் சாம்பல் மூடி இறுகியது. சதை மக்கிப் போனபின் சாம்பலுக்குள் உடலின் வடிவில் ஒரு குழிவு எஞ்சியது. 1863இல் அகழாய்வு இயக்குநர் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்தக் குழிவுக்குள் நீர்த்த சுண்ணச்சாந்தை ஊற்றச் செய்து, அது கெட்டியானதும் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார். துணி மடிப்பும் முகத்தை மறைத்த கையும் அப்படியே வெளிப்பட்டன. உள்ளே எலும்புகள் இன்றும் இருக்கின்றன. நகரத்தை வட்டாரங்களாகவும் மனைத்தொகுதிகளாகவும் பிரித்து ஒவ்வொரு வாசலுக்கும் எண் கொடுத்தவரும் அவரே. அரசரின் விருந்தினர் மட்டுமே பார்த்துவந்த இடத்தை, நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றியதும் அவர் காலத்தில்தான்.

அப்படியானால் அந்த உருவங்களைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதைகள்?

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பொன் கங்கண வீடு என்று அழைக்கப்படும் மனையில் கிடைத்த வார்ப்புகளில், கையில் கனமான பொன் கங்கணம் அணிந்த ஒரு பெரியவரின் மடியில் குழந்தை ஒன்று இருக்கிறது. கங்கணம் இருப்பதால் அவர் பெண், மடியில் குழந்தை இருப்பதால் அவர் தாய், அருகில் கிடந்தவர்கள் தந்தையும் இன்னொரு பிள்ளையும் என்று பல ஆண்டுகளாக ஒரு குடும்பமே கட்டி எழுப்பப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த மரபணு ஆய்வு, கங்கணம் அணிந்தவர் ஆண் என்றும் மடியிலிருந்த குழந்தைக்கு அவர் இரத்த உறவினர் அல்லர் என்றும் காட்டியது. குழந்தையை ஏந்தியிருந்த அந்த மனிதர் யார்? அடிமையா, அண்டை வீட்டாரா, ஓடும் வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட அந்நியரா? இந்தக் கேள்விகள் பழைய கதையைவிட நெஞ்சைத் தொடுகின்றன என்பது என் கருத்து. ஆனால் அவற்றைக் கேட்பதற்கு, தாய் என்ற கதையை விட்டுக்கொடுக்கத் துணிந்த ஆய்வாளர்கள் வேண்டியிருந்தது.

ரோம் நகரத்திலேயே இப்படிப் பணியாற்றியவர்கள் யார்?

இருவரைச் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் தலைநகராக 1871இல் ரோம் ஆனபின், அமைச்சகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அடித்தளம் தோண்டிய இடமெல்லாம் பழைய சுவர்கள் வெளிப்பட்டன. பல வெளிப்பட்ட வேகத்திலேயே அழிந்தன. ரொடோல்ஃபோ லான்சியானி அந்தக் குழிகளுக்கு இடையே அலைந்து குறிப்பெடுத்தார். 1893 முதல் 1901 வரை அவர் வெளியிட்ட 46 தாள்கள் கொண்ட நிலப்படம், பண்டைய சுவர்களையும் நவீன தெருக்களையும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறது. ரோமில் அகழ்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் வேலையைத் தொடங்குவதில்லை. அதே காலத்தில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘அத்தேனியம்’ இதழுக்கு, புதிதாகக் கிடைத்தவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதங்களும் அவர் எழுதிவந்தார்.

மற்றவர் ஜாக்கோமோ போனி. 1898இல், ரோமானிய மன்றம் எனப்படும் பண்டைய நகர மையச் சதுக்கத்தின் அகழாய்வை ஏற்ற இவர், மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துப் படிக்கும் முறையை அங்கே கையாண்டார். மறு ஆண்டே கருங்கல் தளம் ஒன்றின் அடியில் மிகப் பழைய இலத்தீன் கல்வெட்டு கிடைத்தது. ராணுவத்தின் பலூனிலிருந்து களத்தைப் படமெடுக்கச் செய்த முன்னோடியும் இவரே.

வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வது தவறாகவும் போனதுண்டா?

உண்டு, அதுவும் அரசின் செலவில். முசோலினி ஆட்சியில் 1932இல் திறக்கப்பட்ட பேரரசுச் சாலை, கொலோசியத்திலிருந்து நகர மையம் வரை நேராகச் சென்றது. அதற்காக மக்கள் குடியிருந்த ஒரு வட்டாரமே இடிக்கப்பட்டது, அகழ்ந்தெடுத்த பேரரசர் மன்றங்களின் பெரும்பகுதி மீண்டும் சாலைக்கு அடியில் போனது. 1937இல் அகஸ்டஸின் இரண்டாயிரமாவது பிறந்த ஆண்டை ஒட்டி நடந்த மாபெரும் கண்காட்சி, பழைய பேரரசின் வாரிசாகப் புதிய ஆட்சியைக் காட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டது. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தக் கண்காட்சியை ஒட்டி இதாலோ ஜிஸ்மொந்தி உருவாக்கத் தொடங்கிய ரோம் நகர மாதிரி மிகச் சிறந்த கைவினை. கான்ஸ்டன்டைன் காலத்து நகரத்தை 250இல் ஒரு பங்கு அளவில் காட்டும் அந்த மாதிரியைப் பல பத்தாண்டுகள் அவர் வளர்த்துக்கொண்டே இருந்தார். பாடநூல்களில் நாம் காணும் “பண்டைய ரோம்” படங்களில் பல அதைப் படமெடுத்தவையே. அந்த மாதிரியில் எந்தக் கூரை சான்றின்படி அமைந்தது, எந்தக் கூரை ஜிஸ்மொந்தியின் ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

தொலைக்காட்சியில் தோன்றிய முதல் பெரிய தொல்லியலாளர் யார்?

பிரிட்டனைப் பொறுத்தவரை மார்ட்டிமர் வீலர். 1952இல் பிபிசி தொடங்கிய ‘அனிமல், வெஜிடபிள், மினரல்?’ என்ற நிகழ்ச்சியில், அருங்காட்சியகம் ஒன்று அனுப்பிய பொருளைக் கையில் கொடுத்து, அது எது, எங்கே, எக்காலத்தது என்று அறிஞர்களைக் கேட்பார்கள். முறுக்கிய மீசையோடு வீலர் அந்தப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்லும் அழகுக்காகவே மக்கள் பார்த்தார்கள். 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிப் பிரமுகராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1930களில், டெஸ்ஸா வீலருடன் சேர்ந்து வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தை அகழ்ந்து அவர் பெயர் பெற்றிருந்தார்.

வீலர்தானே அரிக்கமேட்டைத் தோண்டியவர்?

ஆம். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடி ஒன்றின் உடைந்த துண்டைக் கண்டு, அது புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தது என்று அறிந்து அங்கே போனார். 1945இல் நடந்த அகழாய்வில் இத்தாலியின் அரிட்டைன் வகைச் சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. இத்தாலியில் அந்த மட்கலத்தின் காலம் துல்லியமாகத் தெரியும் என்பதால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையோடுகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது போன்ற நிகழ்வு அது.

ஆனால் வீலர் சொன்ன கதை முழுவதும் நிலைக்கவில்லை. ரோமானிய வணிகத்தால் பிறந்த ஊராகவே அரிக்கமேட்டை அவர் பார்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பங்கேற்புடன் நடந்த மறு அகழாய்வு, ரோமானியச் சாடிகள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. உள்வட்டங்களில் பற்சக்கரப் புள்ளிகள் கொண்ட ரௌலட்டட் மட்கலம் மத்தியதரைக்கடலிலிருந்து வந்தது என்று வீலர் கருதியிருந்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது இன்றைய முடிவு. வீலரைத் திருத்த முடிந்ததற்கு வீலரே காரணம் என்றும் சொல்லலாம். எந்தக் குழியில், எந்த அடுக்கில், என்ன கிடைத்தது என்ற முழு அறிக்கையை 1946இலேயே அவர் வெளியிட்டுவிட்டார்.

தொலைக்காட்சிக்குப் போகும் பேராசிரியரைச் சக ஆய்வாளர்கள் மதிப்பதில்லை என்கிறார்களே?

முணுமுணுப்பு எப்போதும் இருந்திருக்கிறது. வீலரைப் பகட்டுக்காரர் என்றவர்களும் உண்டு. ஆனால் தொல்லியலில் மன்னிக்க முடியாத குற்றம் திரையில் தோன்றுவதன்று, தோண்டியதைப் பற்றி அறிக்கை எழுதாமல் விடுவது. தோண்டும்போதே களம் அழிந்துவிடுகிறது. அறிக்கையும் இல்லையென்றால் எதுவும் மிஞ்சாது. திரையில் முகமே காட்டாத பலரின் அகழாய்வுகள் அறிக்கை இல்லாமல் கிடங்குப் பெட்டிகளில் உறங்குகின்றன.

பொதுமக்களே திரண்டு வந்து ஓர் அகழாய்வின் போக்கை மாற்றியது உண்டா?

லண்டன், 1954. போரில் குண்டு விழுந்து தரைமட்டமான வால்புரூக் பகுதியில் அலுவலகக் கட்டடம் எழுவதற்கு முன்பாக, டபிள்யூ.எஃப். கிரைம்ஸ் அங்கே அகழ்ந்துகொண்டிருந்தார். வேலை முடிய வேண்டிய நாளான செப்டம்பர் 18 அன்று, மித்ராஸ் கடவுளின் பளிங்குத் தலை மண்ணிலிருந்து எழுந்தது. செய்தித்தாளில் படம் வந்ததும் மக்கள் வரத் தொடங்கினார்கள். அலுவலகம் முடிந்து வந்தவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் என்று வரிசை தெருக்களைச் சுற்றி நீண்டது. சில வாரங்களில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. அந்த மித்ராஸ் கோயிலின் இடிபாடுகளை என்ன செய்வது என்று அமைச்சரவையே விவாதிக்க வேண்டியதாயிற்று.

கோயில் காப்பாற்றப்பட்டது, ஆனால் அரைகுறையாக. கற்களைப் பெயர்த்து, பின்னர் 1962இல் வேறோர் இடத்தில் திறந்த வெளியில் மறுபடி கட்டினார்கள். நிலத்துக்கு அடியில் இருட்டறையாக இருந்த ஒரு கோயில், வெயிலில் காயும் கல் மேடையாகக் காட்சியளித்தது. 2017இல்தான் அது ஏறத்தாழ பழைய இடத்திலேயே, தெருமட்டத்துக்கு 7 மீட்டர் கீழே, மங்கிய ஒளியில் மீண்டும் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பாக அங்கு நடந்த அகழாய்வில் 405 மரப்பலகை ஏடுகள் கிடைத்தன. மெழுகு பூசிய பலகையில் எழுதும்போது எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தில் இட்ட கீறல்களையே ரோஜர் டாம்லின் படித்தார். ஒன்றில், கி.பி. 57 ஜனவரி 8 அன்று டிபுல்லஸ் என்பவர் கிரேட்டஸ் என்பவருக்கு 105 தினாரியஸ் தர வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். இருவரும் விடுதலை பெற்ற அடிமைகள். லண்டனின் நிதி வட்டாரத்தில் கிடைத்த மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று ஒரு கடன் சீட்டு!

விண்டோலாண்டா ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள ரோமானியக் கோட்டை அது. 1929இல் எரிக் பேர்லி என்ற அறிஞர் அந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். 1970இல் ஓர் அறக்கட்டளை உருவானது. அடுத்தடுத்த தலைமுறைகளாக அந்தக் குடும்பம் அங்கே அகழ்ந்துவருகிறது. 1973இல் அவருடைய மகன் ராபின் பேர்லி, காற்றுப்புகாத ஈரமண்ணில், சீவல் போன்ற மெல்லிய மரத்துண்டுகள் இரண்டு ஒட்டிக் கிடப்பதைக் கண்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மையெழுத்து. காற்றுப் பட்டதும் மை மங்கிப்போக, அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தே படிக்க வேண்டியிருந்தது. ஆலன் போமனும் டேவிட் தாமஸும் எழுத்து எழுத்தாகப் படித்து வெளியிட்டார்கள்.

படித்தபோது கிடைத்தவை போர்க் காவியங்கள் அல்ல. காலுறையும் உள்ளாடையும் அனுப்பிவைத்ததாக ஒரு கடிதம், கோட்டையில் யார் யாருக்கு உடல்நிலை சரியில்லை என்று ஒரு பட்டியல். இவற்றுள் புகழ்பெற்றது, கி.பி. 100ஐ ஒட்டி, வேறொரு கோட்டையில் இருந்த படைத்தலைவரின் மனைவி கிளாடியா செவெரா, விண்டோலாண்டாவில் இருந்த சல்பிசியா லெபிடினாவுக்கு எழுதிய அழைப்பு. செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வந்துவிடும்படி கேட்கிறார். கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகாக எழுதியிருக்க, இறுதி வரிகளைச் செவெரா தன் கையாலேயே சேர்த்திருக்கிறார்: சகோதரி என்றும் என் உயிரே என்றும் அழைத்து விடைபெறுகிறார். பயிற்சி குறைந்த, சற்றே கோணலான அந்தக் கையெழுத்து, இலத்தீனில் ஒரு பெண் எழுதியதாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று.

ஒவ்வோர் ஆண்டும் தன்னார்வலர்கள் பதிவு செய்துகொண்டு அகழாய்வாளர்களோடு அங்கே மண்ணில் இறங்குகிறார்கள். இடம் கிடைப்பதற்குக் கடும் போட்டி. நிலத்தடி ஈரம் குறைந்துவருவதால் மண்ணுக்குள் எஞ்சியிருக்கும் ஏடுகளும் தோல் காலணிகளும் மக்கிவிடக்கூடும் என்ற கவலையும் அவர்களோடு சேர்ந்தே இறங்குகிறது.

மேரி பியர்டு எதனால் இவ்வளவு புகழ் பெற்றார்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் செவ்வியல் பேராசிரியராக இருந்த பியர்டு, 2008இல் பொம்பெயி பற்றிய நூலாலும், 2010 முதல் வெளிவந்த பிபிசி தொடர்களாலும், 2015இல் வெளியான ரோம வரலாற்று நூலாலும் உலகமெங்கும் அறியப்பட்டார். அவருடைய முறை எளிது: பேரரசர்களை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லறைகளின் முன் போய் நிற்பது. ரோமின் மஜ்ஜோரே வாயிலருகே யூரிசாசெஸ் என்ற ரொட்டி வணிகரின் கல்லறை இருக்கிறது. முகப்பு முழுவதும் வட்ட வட்டமான துளைகள். மாவு பிசையும் தொட்டிகளைக் குறிப்பவை என்பது பலர் கருத்து. மேலே ஓடும் சிற்ப வரிசையில் தானியம் அரைப்பது, மாவு பிசைவது, அடுப்பிலிடுவது, ரொட்டியை எடை போடுவது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அரசுக்கு ரொட்டி வழங்கிய ஒப்பந்தக்காரர் இவர் என்று கல்வெட்டு சொல்கிறது. செனட்டர்கள் எழுதிய எந்த நூலிலும் இடம்பெறாத ஒரு மனிதர், தன் தொழிலைப் பற்றி எவ்வளவு பெருமை கொண்டிருந்தார் என்று இத்தகைய கல்லைக் காட்டித்தான் அவர் விளக்குவார். நரைத்த கூந்தலோடு திரையில் வந்ததற்காகத் தோற்றத்தைக் கேலிசெய்து எழுதிய விமர்சகருக்கு அவர் பொதுவெளியில் நேராகவே பதில் சொன்னார்.

ரோமானிய பிரிட்டனில் கறுப்பு நிறத்தவர் இருந்தார்களா என்ற சர்ச்சை எதைப் பற்றியது?

மாணவர்களுக்காகப் பிபிசி வெளியிட்ட ஓர் அசைபடத்தில், ரோமானிய பிரிட்டனின் குடும்பம் ஒன்றின் தலைவர் கருநிறத்தவராக வரையப்பட்டிருந்தார். 2017இல் அதைச் சிலர் கேலி செய்தபோது, அது சான்றுகளுக்கு முரணானதன்று என்று பியர்டு சொல்ல, சமூக ஊடகத்தில் வசைமழை பொழிந்தது. அவர் சுட்டிய எடுத்துக்காட்டு, இரண்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் ஆளுநராக இருந்த குவின்டஸ் லொல்லியஸ் அர்பிகஸ். இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்தவர், அங்கே அவருடைய குடும்பக் கல்லறை இன்றும் நிற்கிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைக் கொண்டு அவருடைய தோல் நிறத்தைச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மையே.

ஆனால் பேரரசுக்குள் மக்கள் எவ்வளவு தூரம் பெயர்ந்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த நடுகல் ஒன்று, சிரியாவின் பல்மைராவைச் சேர்ந்த பராத்தெஸ் என்பவர், தான் விடுதலை செய்து மணந்த பிரிட்டன் நாட்டுப் பெண் ரெஜினாவுக்காக நிறுத்தியது. இலத்தீன் வரிகளுக்குக் கீழே பல்மைரா மொழியில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்தக் குளிர்ந்த கடற்கரையில் அதைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஹெர்குலேனியம் பற்றி அதிகம் கேள்விப்படுவதில்லையே?

அதே எரிமலை வெடிப்பில் புதைந்த இந்த நகரம் பொம்பெயியின் நிழலில் இருப்பதால்தான். பிரிட்டிஷ் ஆய்வுக்கூடத்தை ரோமில் 1995 முதல் 2009 வரை நடத்திய ஆண்ட்ரூ வாலஸ்-ஹேட்ரில், அந்த நகரத்தின் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். மழைநீர் தேங்கிச் சுவர்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. பண்டைய கழிவுநீர்க் கால்வாயைத் தூர்வாரினால் நீரும் வடியும், ஆய்வும் நடக்கும் என்று இறங்கினார்கள். குடியிருப்பு ஒன்றின் கழிப்பறைகளிலிருந்து அந்தக் கால்வாயில் விழுந்து இறுகிய கழிவு நூற்றுக்கணக்கான மூட்டைகளில் அள்ளப்பட்டது. அதில் மீன் முள், கடல்முள்ளெலி, அத்திவிதை எல்லாம் இருந்தன. மாடிக் குடித்தனக்காரர்கள் என்ன உண்டார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் இல்லை. இதைத் தொலைக்காட்சியில் அவர் முகம் சுளிக்காமல் விளக்கினார்.

பொம்பெயியில் இப்போதும் புதியவை கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கு அடியில்தான். 2010இல் வீரர் மன்றம் எனப்பட்ட கட்டடம் இடிந்து விழுந்து உலகமே கண்டித்தபின் பெரும் சீரமைப்பு தொடங்கியது. 2014 முதல் மாசிமோ ஒசான்னாவும், 2021 முதல் கேபிரியல் சுக்ட்ரிகலும் நகரத்தை நிர்வகித்தார்கள். அக்டோபர் 17 என்ற தேதியைக் குறிக்கும் ஒரு கரியெழுத்து 2018இல் சுவரில் கிடைத்தது. எரிமலை ஆகஸ்டு 24 அன்று வெடித்தது என்ற, கையெழுத்துப் படிகள் தரும் தேதியை அது கேள்விக்குள்ளாக்கியது. எளிதில் அழியும் கரியெழுத்து முந்தைய ஆண்டிலிருந்து தங்கியிருக்காது என்பது ஒரு தரப்பின் வாதம். அதில் ஆண்டு இல்லையே என்பது மறுதரப்பின் பதில்.

2023இல், தட்டையான ரொட்டியும் பழங்களும் வரைந்த ஓவியம் கிடைத்தபோது “பொம்பெயியில் பீட்சா” என்று உலகச் செய்திகள் அலறின. அறிக்கையே அது பீட்சா அன்று, தக்காளி அக்காலத்தில் ஐரோப்பாவில் இல்லை என்று சொல்லியிருந்தது. ஆனால் ஒப்புமையை முதலில் எடுத்துக்கொடுத்ததும் அகழாய்வு நிர்வாகமே. இதில் செய்தியாளர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

திரைப்படங்கள் காட்டும் ரோம் எவ்வளவு சரி?

ஆடைகளையும் கட்டடங்களையும்விட, சைகைகளில்தான் பிழை ஊறியிருக்கிறது. தோற்ற வீரனைக் கொல்லக் கட்டைவிரலைக் கீழே காட்டுவது 1872இல் ஜெரோம் வரைந்த ஓவியத்தால் நிலைபெற்ற காட்சி. இலத்தீன் நூல்கள் “திருப்பிய கட்டைவிரல்” என்று மட்டுமே சொல்கின்றன, எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. “சாகப்போகிறவர்கள் வணங்குகிறோம்” என்ற வாக்கியம் பேரரசர் கிளாடியஸ் நடத்திய ஏரிப்போர்க் காட்சி ஒன்றை ஒட்டி மட்டுமே பதிவாகியிருக்கிறது, வழக்கமான முழக்கமாக அன்று. 2000இல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்துக்கு ஆலோசகராக இருந்த ஹார்வர்டு பேராசிரியர் கேத்லீன் கோல்மன், தம் ஆலோசனைகளின் கதி குறித்துப் பின்னர் மனக்குறையோடு எழுதினார்.

பேராசிரியர் அல்லாதவர்கள் சொல்வதைக் கேட்கலாமா?

தாராளமாக. மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை வாரந்தோறும் தனியாகப் பேசிப் பதிவுசெய்த ஒலித்தொடர், பலருக்கு ரோமின் அரிச்சுவடியாக அமைந்தது. இத்தாலியில் ஆல்பெர்ட்டோ ஆஞ்செலா தொல்லுயிரியல் படித்தவர். அவர் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் இரவில் குடும்பமே ஒன்றாக அமர்ந்து பார்க்கும். யாரைக் கேட்டாலும், “டாசிட்டஸ் இப்படிச் சொல்கிறார், ஆனால் அவர் அரை நூற்றாண்டு கழித்து எழுதியவர்” என்பது போன்ற வாக்கியங்கள் அவ்வப்போது வருகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு மணிநேரம் பேசியும் அப்படி ஒன்றுகூட வரவில்லையென்றால், கேட்டது கதை.

வயலில் நாணயம் தேடும் பொழுதுபோக்காளர்களால் நன்மையா, தீமையா?

இரண்டும் உண்டு, நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் நகருக்கு அருகே உலோகங்காட்டிக் கருவியோடு தேடிய ஒருவர், பானையின் விளிம்பு தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு தொல்லியலாளர்களை அழைத்தார். உள்ளே 52,503 ரோமானிய நாணயங்கள். பானையை அப்படியே கவிழ்க்காமல் அடுக்கடுக்காக எடுத்ததால், பிற்காலத்து ஆட்சியாளரான கராவ்சியஸின் நாணயங்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருந்தது தெரியவந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் என்றால் புதிய காசு மேலேதான் இருக்கும்; ஆகவே எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டன, ஒருவேளை தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த மனிதர் ஆர்வம் தாங்காமல் பானையைத் தூக்கியிருந்தால், காசு முழுவதும் கிடைத்திருக்கும், இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

எரிந்த சுருள்களைக் கணினி படிக்கிறது என்பது உண்மையா?

உண்மை. ஹெர்குலேனியத்தின் மாளிகை ஒன்றில் 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த கரித்துண்டு போன்ற பப்பிரஸ் சுருள்களைத் திறந்தாலே நொறுங்கும். கணினி அறிவியலாளர் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகள் உழைத்து, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து சுருளைக் கணினியில் விரிக்கும் முறையை உருவாக்கினார். 2023இல் அது பொதுப்போட்டியாக அறிவிக்கப்பட்டது. “ஊதா” என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் முதலில் தெளிந்தது. 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் கொண்ட குழு 7 லட்சம் டாலர் பரிசு பெற்றது. கணினி காட்டும் எழுத்தை, பப்பிரஸ் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் தனித்தனியே சரிபார்த்த பின்பே ஏற்றார்கள்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே ரோமானியச் சான்றை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தமிழக மண்ணில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் உள்ளன. அரிக்கமேட்டுப் பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். எதிர்த்திசையில், எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் ஸ்டீவன் சைட்பாதம் குழுவினர் நடத்திய அகழாய்வில், இந்தியச் சாடி ஒன்றில் கிலோக்கணக்கில் மிளகும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்தன. பொன் கொண்டுவந்து கறி ஏற்றிச் சென்ற யவனர் கலங்களைப் பாடிய அகநானூற்று வரிகளை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

நாணயங்களைப் பார்க்கும்போது ஒன்றைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் ஒன்று இருக்கும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி வெட்டப்பட்டவை. புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்கிறார் ஒருவர். அந்நிய அரசரின் உருவத்தைச் சிதைக்க வெட்டினார்கள் என்கிறார் இன்னொருவர். வெட்டியவர் எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை, கீறல் மட்டும் இருக்கிறது.